துணை வண்டி இல்லாமல்

என் தம்பியை எங்கள் குடியிருப்பில் எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு காய்ந்த பிறகுதான் எழுந்திருப்பான். அவன் சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விடும். கல்யாணம் பண்ணிக்கொள்ளடா என்று நான் தொண்டை வற்றக் கத்திப் பார்த்தேன். "பாக்கலாம்க்கா, இப்ப என்ன அவசரம்" என்பான். பார்த்துக்கொண்டே இருந்ததில் நாற்பது தாண்டிவிட்டது. இப்படிப்பட்டவன் பார்க்கிற வேலை என்ன தெரியுமா, ஆம்புலன்ஸ் ஓட்டுவது. சிரிக்காதீர்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் அவன் வேறு ஆள்.

போன மாதம் பத்திரிகைக்காரர் ஒருவர் எங்கள் ப்ளாக்குக்கு வந்து, "உங்க பசங்க ஏன் கல்லெறியறாங்க?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. லிஃப்ட் நின்றுபோய் இத்தனை காலம் ஆகிறதே, அதைக் கேட்க ஒருநாள் வந்தீர்களா என்றேன். அவர் சிரித்து மழுப்பிவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டார். போகட்டும். அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். என் தம்பி கதையைச் சொன்னால் அதுவும் சேர்ந்தே வந்துவிடும்.

இந்த நகரத்தில் எங்கள் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். அப்பா காலத்தில் கட்டட வேலைக்கென்று வந்தவர்கள். பெரிய பெரிய கட்டடங்களெல்லாம் எங்கள் அப்பாக்கள் மண் சுமந்து எழுப்பியவை. எல்லாம் கட்டி முடிந்ததும், நகரம் முடிகிற இடத்தில் நாலு ப்ளாக் எழுப்பி எங்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். வாயைத் திறந்தாலே எங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். திறக்காவிட்டால் பெயரைக் கேட்டுக் கண்டுபிடிப்பார்கள். நான் ஓட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். இத்தனை வருஷம் ஆகியும் என் பையைத் திறந்து பார்க்காமல் வெளியே விட்டதில்லை. எனக்கு வயதாகிவிட்டது, பொறுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

எங்கள் ப்ளாக்கில் ஒரு பையன் இருக்கிறான். விடாமல் சத்தம் போட்டுப் பேசுவான் என்பதால் அவனுக்கு ஜெனரேட்டர் என்று பெயர். எலக்ட்ரிக்கல் வேலை படித்து, வகுப்பில் முதலாவதாகத் தேறியவன். எந்த ஒர்க்ஷாப்புக்குப் போனாலும் நன்றாகப் பேசுவார்கள், எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்பார்கள், சொன்னதும் ஃபோன் பண்ணுகிறோம் என்பார்கள். அந்த ஃபோன் இன்னும் வந்தபாடில்லை. பால் வாங்கக் கடைக்குப் போனால் திருப்பத்தில் போலீஸ்காரர் நிறுத்திச் சுவரில் கை வைக்கச் சொல்லிச் சோதிப்பார். பால் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் அதே போலீஸ்காரர் அதே சோதனையைப் போடுவார். இடையில் பால் பாக்கெட்டுக்குள் என்ன முளைத்துவிடுமோ தெரியவில்லை. பிள்ளைகள் பந்து விளையாடிய மைதானத்தைக் கம்பி வேலி போட்டு மூடி, போலீஸ் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தை மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். வேலையும் இல்லாமல், விளையாட்டும் இல்லாமல், போகவர பஸ்ஸும் இல்லாமல் வாலிபப் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தால், ஏன் கூட்டம் போடுகிறீர்கள் என்று அதற்கும் ஒரு விரட்டல்.

இவ்வளவுக்கும் நடுவில் என் தம்பிக்கு ஆம்புலன்ஸ் வேலை கிடைத்தது பெரிய அதிசயம். "அந்த ஏரியாவுக்குப் போக எங்ககிட்ட ஆளே இல்ல, நீங்க வாங்க" என்று அந்த ஆபீஸில் இருந்த அம்மா எடுத்துக்கொண்டார். விலாசத்தினால் எங்கள் ஆட்களில் ஒருவனுக்கு வேலை கிடைத்தது அதுவே முதல் தடவை, அநேகமாகக் கடைசித் தடவையும்.

ஆனால் அந்த வேலையில் ஒரு விதி உண்டு. எங்கள் ப்ளாக்கிலிருந்து அழைப்பு வந்தால் ஆம்புலன்ஸ் நேராக உள்ளே வரக் கூடாது. மெயின் ரோட்டில் பாலத்தடியில் காத்திருக்க வேண்டும். போலீஸ் வண்டி ஒன்று வந்து முன்னால் போகும், அதன் பின்னால்தான் இது வர வேண்டும். அதைத் துணை வண்டி என்பார்கள். கூத்தைக் கேளுங்கள். வேலை முடிந்து காய்கறிப் பையோடு தனியாக நடந்து வீட்டுக்கு வருகிற என் தம்பி, யூனிஃபார்ம் போட்டுவிட்டால் தன் வீட்டு வாசலுக்கே போலீஸ் துணையோடுதான் வர வேண்டும்.

இதனால் அவனுக்கு இரண்டு பக்கமும் இடி. ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர்கள், "உங்க ஆளுங்க இன்னைக்கு என்ன எரிச்சாங்க?" என்று கேட்பார்கள். இங்கே பிள்ளைகள், "போலீஸுக்கு வால் பிடிச்சிட்டு வர்றாரு பாரு" என்று காதுபடப் பேசுவார்கள். ஒருநாள் அவன் கதவில் யாரோ முட்டையை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கித் திட்டித் தீர்த்தேன். அவன் வாளியில் தண்ணீர் எடுத்து வந்து துடைத்தான். "முட்டை விலை இருக்கிற விலைல அவங்களுக்குத்தான் நஷ்டம்க்கா" என்றான்.

இந்தக் கதை நடந்த வாரம் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரின் தம்பியைத் திருப்பத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தினால் நிற்கவேண்டியதுதானே என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். நின்றால் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் நாள் முழுக்க உட்காரவைப்பார்கள், அன்றைய கூலி வேலையும் போய்விடும். அதனால் எங்கள் பிள்ளைகள் தப்புச் செய்யாவிட்டாலும் ஓடுவார்கள். அவனும் ஓடினான். துரத்தினார்கள், விழுந்தான், கை முறிந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று யாராவது ஒருத்தர் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி சூடு தணிந்திருக்கும். யாரும் வரவில்லை. பிள்ளைகள் குப்பைத் தொட்டிகளை இழுத்துப்போட்டுக் கொளுத்தினார்கள். மெயின் ரோட்டில் போலீஸ் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மொட்டைமாடியில் காவலுக்கு நிற்கிற பையன் விசில் அடித்தால், கீழே இருக்கிறவர்கள் கல்லை எடுப்பார்கள். அப்படி ஆகிவிட்டிருந்தது நிலைமை.

பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்த மகள் நாள் பார்த்தாள், வலி எடுக்க. எட்டாவது மாடியில் எங்கள் வீடு. மாப்பிள்ளை வேலைக்கு வெளியூர் போயிருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள், "அம்மா" என்று கூப்பிட்ட குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால் பனிக்குடம் உடைந்திருந்தது. கூடவே ரத்தம். குறித்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்ஸிக்கு ஃபோன் செய்தால், எங்கள் ப்ளாக் பெயரைச் சொன்னதுமே வைத்துவிட்டான். ஆம்புலன்ஸுக்குச் செய்தேன். வண்டி கிளம்பிவிட்டது, போலீஸ் துணை கிடைத்ததும் உள்ளே வரும் என்றார்கள். துணை எப்போது கிடைக்கும் என்றேன். அது அவர்களுக்குத் தெரியாதாம்.

அடுத்து தம்பிக்கு அடித்தேன். எந்த வண்டியை அனுப்பியிருப்பார்கள், அவன் வண்டியைத்தான். பாலத்தடியில் நின்றுகொண்டிருந்தான்.

"எங்கடா நிக்கிறே? இங்க ரத்தம் நிக்க மாட்டேங்குது."

"பாலத்தடிலதான்க்கா. ஒரு வண்டிய மட்டும் உள்ள அனுப்ப மாட்டாங்களாம். இன்னும் நாலஞ்சு வண்டி வரணும், எல்லாம் சேர்ந்துதான் போவோம்ங்கறாங்க."

"அத்தனை வண்டி ஒண்ணா வந்தா இவனுங்க சும்மா இருப்பானுங்களா? ரோட்டுல சண்டைதான் நடக்கும். அதுக்குள்ள என் பொண்ணு போயிருவாடா."

"கத்தாதக்கா, இரு" என்றான். அந்த நிதானத்தைக் கேட்டு எனக்கு ஃபோனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. பிறகு, "பொண்ணை இடதுபக்கமா சாச்சுப் படுக்க வை. கதவைத் திறந்து வை. வரேன்" என்றான்.

வண்டியில் அவனோடு ஒரு நர்ஸ் பெண் இருந்தாள். எங்கள் ஆள் இல்லை, வேலைக்குச் சேர்ந்தும் அதிக நாள் ஆகவில்லை. நடந்ததையெல்லாம் பிறகு என்னிடம் சொன்னது அவள்தான். என் தம்பி சொல்லியிருந்தால் இன்னும் பாதிக் கதையில்தான் நிற்போம். பயமாக இருந்தால் இறங்கிக்கொள்ளம்மா என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். "அண்ணே, பேசிட்டே இருந்தா எப்படி, வண்டிய எடுங்க" என்றாளாம். நல்லா இருக்கட்டும் அந்தப் பெண்.

மெயின் ரோட்டில் போலீஸ் தடுக்கும் என்று பின்பக்கச் சந்து வழியாக வந்தான். சைரனைப் போட்டால் போலீஸ் வருகிறது என்று பிள்ளைகள் கல்லை எடுப்பார்கள், ஏனென்றால் எங்கள் ஊரில் சைரன் எப்போதும் துணை வண்டியோடு சேர்ந்துதான் கேட்கும். அதனால் சைரனையும் மேலே சுழல்கிற விளக்கையும் அணைத்துவிட்டான். அங்கேதான் தப்புப் பண்ணினான். போன வருஷம் போலீஸ் இதேபோல ஒரு வெள்ளை வண்டியில் சத்தமில்லாமல் பின் சந்து வழியாக வந்து, மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. அன்று அவன் டியூட்டியில் இருந்தான், அது அவன் நினைப்பில் தட்டவில்லை.

விசில் கேட்டது. பால்கனிக்கு ஓடினேன். சந்து முனையில் வெள்ளை வண்டி தெரிந்தது, பிள்ளைகள் குப்பைத் தொட்டிகளை உருட்டிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. என்னடா பண்றீங்க, அது நம்ம வண்டிடா என்று கத்தினேன். எட்டாவது மாடியிலிருந்து யார் காதில் விழும்? முதல் கல் பட்டுக் கண்ணாடி சிதறியது எனக்கு மாடிவரைக்கும் கேட்டது. உள்ளே மகள், "மாமா வந்துட்டாராம்மா?" என்று கேட்கிறாள். வந்துட்டார்டி, வந்துட்டார் என்றேன்.

வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறான். அதுவும் எப்படி, கைப்பிரேக் போட்டு, சாவியை எடுத்து, கதவைச் சாத்தி. ஜெனரேட்டர் கையில் கல்லோடு எதிரில் நின்றிருக்கிறான்.

"சைரன் போடாம ஏன் வந்தீங்க? யாரைப் பிடிக்க வந்தீங்க? பின் கதவைத் திறங்க."

"திறக்கறேன். நல்லா பாத்துக்கோ."

திறந்து காட்டினான். உள்ளே படுக்கையும் ஆக்ஸிஜன் உருளையும் நர்ஸும்தான்.

"போலீஸ் எங்க?"

"அவங்க கூட்டம் சேத்துட்டு இருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள எட்டாம் மாடில எங்க அக்கா பொண்ணு உயிர் போயிரும். பிரசவ வலி, ரத்தம் போகுது. அதான் தனியா வந்தேன்."

ஜெனரேட்டர் உடைந்த கண்ணாடியைப் பார்த்தானாம். "மாமா, நாங்க உங்க மேல எறியல" என்றிருக்கிறான்.

"அதைக் கண்ணாடிகிட்ட சொல்லு. இப்ப கல்லைப் போட்டுட்டு இந்த நாற்காலியத் தூக்குடா. லிஃப்ட் இல்ல, எனக்கும் நர்ஸுக்கும் எட்டு மாடி தனியா முடியாது."

படியில் ஆட்களை இறக்குவதற்கென்றே பெல்ட் வைத்த நாற்காலி ஒன்று அந்த வண்டியில் உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு, நர்ஸோடு ஆறு பிள்ளைகள் என் வீட்டு வாசலில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். முகத்தை மறைத்துக் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்கவில்லை. திருடன் மாதிரி வந்து நிக்கிறீங்களே, அவுத்துப் போடுங்கடா என்று அந்த நிலைமையிலும் ஒரு அதட்டல் போட்டேன். நர்ஸ் என் மகளுக்கு ஊசி போட்டு, நாற்காலியில் வைத்துக் கட்டினாள். படிக்கட்டில் விளக்கு எரிந்து எவ்வளவோ நாளாகிறது. இரண்டு பேர் ஃபோன் வெளிச்சத்தைக் காட்ட, நாலு பேர் தூக்கினார்கள், கை மாற்றி மாற்றி இறக்கினார்கள். ஒருவன் ரத்தத்தைப் பார்த்ததும் தலை சுற்றிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கல்லெறிகிற வீரனின் லட்சணம் அது. "எந்திரிடா, மயக்கத்தை நாளைக்கு வச்சுக்கோ" என்று ஜெனரேட்டர் அவனை இழுத்துக்கொண்டு வந்தான்.

கீழே தம்பி வண்டியைத் திருப்பி வைத்திருந்தான். மகளை ஏற்றி, நானும் ஏறி, வண்டி கிளம்பியது. தொட்டிகளை ஒதுக்கிக்கொண்டு பிள்ளைகள் இரண்டு பக்கமும் கூடவே ஓடிவந்தார்கள். திருப்பத்துக்கு வந்தால், எதிரே போலீஸ் வண்டிகள் சந்து முழுக்க அடைத்துக்கொண்டு நின்றன. விசில் சத்தம் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? கண்ணாடி உடைந்த ஆம்புலன்ஸ், அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள். கடத்திக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். தடியும் கவசமுமாக இறங்கி வரிசையில் நின்றார்கள். என் தம்பி கையை ஆட்டுகிறான், நர்ஸ் தலையை நீட்டிக் கத்துகிறாள். யாரும் நகரவில்லை. மகளின் கை என் கைக்குள் குளிர்ந்துகொண்டே வந்தது. இனி ஒரு கல், ஒரே ஒரு கல் பறந்தால் எல்லாம் முடிந்தது. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

அப்போது ஜெனரேட்டர் வண்டியை விட்டு விலகி, திருப்பத்துச் சுவரிடம் போய், இரண்டு கையையும் உயர்த்திச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றான். கால்களை அகட்டி, முகத்தைத் திருப்பி, தினம் தினம் அவர்கள் நிற்கச் சொல்கிற மாதிரியே. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்ப் பக்கத்தில் நின்றார்கள். பின்னால் வந்த பிள்ளைகளும் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் அடிக்கவில்லை. சந்தின் நீளத்துக்கு எங்கள் பிள்ளைகளின் முதுகு. வண்டியைச் சுற்றி ஒரு ஆள் இல்லை.

முன்னால் நின்ற இன்ஸ்பெக்டர் அந்தச் சுவரையே பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். நர்ஸ், "சார், பெரிய உயிரும் சின்ன உயிருமா ரெண்டு இருக்கு உள்ள" என்றாள். அவர் திரும்பி, வண்டிகளைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒவ்வொன்றாகப் பின்னால் போய் வழி விட்டன. என் தம்பி அப்போதுதான் சைரனைப் போட்டான். அப்புறம் அவன் ஓட்டிய ஓட்டத்தில் நிதானம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உங்களைத் தவிக்கவிடாமல் சொல்லிவிடுகிறேன். அவன் வேலை போகவில்லை. விசாரணை என்று கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் உட்காரவைத்து, திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விதியை எடுத்துவிட்டார்களா என்றால் இல்லை. ஆனால் இவன் டியூட்டியில் இருந்தால் துணை வண்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நர்ஸ் பெண் எங்கள் ப்ளாக்குக்குத் தனியாகவே வந்து என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மகளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். நானும் தம்பியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சாயங்கால வெயில் இறங்குகிற நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, இரண்டு பேரும் நலம், ஆண் குழந்தை, எடைதான் குறைவு என்றார். நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "கல்யாணம் ஆகாமலே தாத்தா ஆயிட்டேடா" என்றேன். "இதுக்குத்தான் அவசரப்படலக்கா" என்றான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எனக்குப் புரையேறிவிட்டது.

ஆனாலும் ஒரு கவலை மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. சுவரில் கை வைத்து நின்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள்? நாங்கள் வந்த பிறகு அள்ளிக்கொண்டு போயிருப்பார்களோ? குழந்தையைக் கையில் வாங்கியபோதும் எனக்கு அதே நினைப்புதான். மகள் கண்ணைத் திறந்ததும், "அந்தப் பசங்க எங்கம்மா?" என்று அவளும் அதையே கேட்டாள்.

பார்வையாளர் நேரத்தில் கேட்டிலிருந்து காவலாளி ஃபோனில் கூப்பிட்டார். யாரோ ஆறு பேர் வந்து நிற்கிறார்களாம். தம்பியும் நானும் இறங்கிப் போனோம். ஜெனரேட்டரும் மற்றவர்களும் கேட்டுக்கு வெளியே நடைபாதை ஓரமாக நின்றிருந்தார்கள். முகம் கழுவித் தலை வாரியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவர்களைக் கையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாராம், பெயரைக்கூடக் கேட்கவில்லையாம். கலவரத்தில் பஸ் ஓடவில்லை என்று இவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறார்கள்.

"சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள வரலாம். இவங்களைக் கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கறாங்க. யாரு இவங்கல்லாம்?" என்றார் காவலாளி.

யார் என்று கேட்டால் எங்கள் பிள்ளைகளுக்குப் பதில் வராது. எந்தப் பதிலைச் சொன்னாலும் தப்பாகத்தான் போயிருக்கிறது இதுவரை.

"குழந்தைக்கு மாமனுங்க" என்றான் என் தம்பி.

"ஆறு பேருமா?"

"ஆமாங்க. ஆறு பேரும்தான் எட்டு மாடி தூக்கிட்டு இறங்கினாங்க. நான் சும்மா வண்டி ஓட்டினவன்."

காவலாளி அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்து, "உள்ள போனதும் இடது பக்கம் குழாய் இருக்கு. கையக் கழுவிட்டுக் குழந்தையத் தொடுங்க" என்றார்.

மாடிக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் கதவோரமே ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மகள் கிட்ட வரச் சொல்லிக் கூப்பிட்டாள். ஜெனரேட்டர் குழந்தையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான்.

"அக்கா, படில ரொம்பக் குலுக்கிட்டோமா?"

"இல்லடா, தூங்கிட்டேதான் வந்தேன்" என்றாள் மகள்.

பச்சைப் பொய். எட்டு மாடியும் கத்திக்கொண்டே வந்தவள் அவள். அவனுக்கும் அது தெரியும், அவள் நகம் பதிந்த தடம் அவன் கையில் இன்னும் சிவந்திருந்தது. இருந்தாலும் அந்தப் பொய்யைக் கேட்டதும், சொல்லக் கூடாது என்று நினைத்திருந்த பயமெல்லாம் அவன் முகத்திலிருந்து இறங்கிவிட்டது. இந்தப் பிள்ளையை இந்த ஊர் இத்தனை வருஷமாக எப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்ததோ என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. எழுந்து, குழந்தையை அவன் கையில் வைத்தேன்.